ஆய்வுக்கூடத்தில் நம் உம்மாமார்களின் குரல்

(பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற குடும்ப தினக் கூட்டத்தில், சங்கத்தின் கல்வி நிதியில் பயின்ற சகோதரிகள் இருவர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)





இதே மண்டபத்தில், இதே மேடையில், சிறு வயதில் கிராஅத் போட்டியில் பாதியில் மறந்துபோய் அழுதுகொண்டே இறங்கியவள் எங்களில் ஒருத்தி. முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தவள் மற்றவள். நாங்கள் பெரியும்மா மகளும் சாச்சி மகளும். எங்கள் இருவருக்கும் பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு பகுதியை இந்தச் சங்கத்தின் கல்வி நிதி கொடுத்தது. காசு கொடுத்தவர்களுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் அல்லவா? இந்த உரையை அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பது ஒருத்தி என்றாலும் எழுதியது இருவரும் சேர்ந்துதான்.

செயலாளர் காக்கா எங்களிடம், "செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார். நம் மேடைகளில் இந்தத் தலைப்பை எடுத்தால் 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியிலிருந்து தொடங்குவது வழக்கம். 'அல்காரிதம்' என்ற சொல்லே அவர் பெயர் லத்தீனில் திரிந்து வந்ததுதான். அது உண்மை, பெருமைக்குரியது. ஆனால் அதை உங்களுக்கு எங்களை விட நன்றாகச் சொல்லக்கூடிய ஆலிம்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஆய்வு உதவியாளர்களாக வேலை பார்த்தோம். அந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே என்ன செய்தோம், எதில் தவறினோம், இப்போது உங்களிடம் எதைக் கேட்கிறோம், இவ்வளவுதான் சொல்ல வந்தோம்.

வேலை கிடைத்ததும் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி, "ரோபோவா செய்றீங்க?" என்பது. அடுத்த கேள்வி, "நிரந்தர வேலையா?" இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். ஆய்வு உதவியாளர் வேலை மானியப் பணத்தில் நடப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். மானியம் முடிந்தால் வேலையும் முடியும். பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மேற்படிப்புக்கு அது நல்ல படி. கல்யாணப் பேச்சில் சொல்வதற்கு அவ்வளவு வசதியான வேலை இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் நோக்கம், மலேசியத் தமிழைக் கேட்டு எழுத்தாக மாற்றும் ஒரு நிரலை உருவாக்குவது. பேசினால் எழுதும், பிறகு அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கும். மருத்துவமனையில் வயதானவர் தமிழில் சொல்வதை டாக்டர் தம் மொழியில் படிக்கலாம் என்பது திட்டத்தின் கனவு. நல்ல கனவு. அதற்காகத்தான் நாங்கள் சேர்ந்தோம்.

காலை ஒன்பது மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் மதியம் லுஹர் வரை கழற்ற மாட்டோம். திரையில் ஒரு குரல் அலை அலையாக வரைந்து காட்டப்படும். கணினி ஒரு விநாடிப் பேச்சை 16,000 முறை அளந்து எண்களாக வைத்திருக்கும். அந்த எண்களுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. அர்த்தம் கொடுப்பது கீழே நாங்கள் தட்டச்சு செய்யும் வரி. பத்து விநாடித் துண்டைக் கேட்போம், எழுதுவோம், திரும்பக் கேட்போம், திருத்துவோம். இருமல் வந்தால் ஒரு குறி, சிரிப்புக்கு ஒரு குறி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குறி, புரியாவிட்டால் ஒரு குறி. ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க எங்களுக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். நம் வீட்டுப் பெண்கள் கூடிப் பேசும் பதிவு என்றால் இரண்டு நாள். யார் எங்கே தொடங்கினார், யார் முடித்தார் என்று கண்டுபிடிக்க அல்லாஹ்தான் உதவ வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, "இதற்குப் பேரா செயற்கை நுண்ணறிவு? இது கிளார்க்கு வேலை இல்லையா?" என்று எங்கள் மாமு கேட்டார். அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறோம்.

1770இல் வியன்னாவில் கெம்பெலன் என்பவர் ஒரு பொம்மையைச் செய்து மகாராணிக்குக் காட்டினார். தலைப்பாகையும் அங்கியும் அணிந்த ஒரு துருக்கியர் பொம்மை. முன்னால் ஒரு பெட்டி, அதன் மேல் சதுரங்கப் பலகை. பொம்மை தானே கையை நீட்டிக் காய் நகர்த்தும், எதிரே ஆடிய பலரைத் தோற்கடிக்கும். ஐரோப்பா முழுவதும் சுற்றி அமெரிக்கா வரைக்கும் போனது. உண்மை என்னவென்றால் பெட்டிக்குள்ளே ஒரு மனிதர் மடங்கி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். அமேசான் நிறுவனம் 2005இல், கணினியால் முடியாத சின்னச் சின்ன வேலைகளை இணையம் வழியாக மனிதர்களுக்குக் கூலிக்குக் கொடுக்கும் ஒரு சேவையைத் தொடங்கியபோது, அதற்கு அந்தப் பொம்மையின் பெயரையே வைத்தது. மெக்கானிக்கல் டர்க், எந்திரத் துருக்கியர். அந்தச் சேவையின் வழியாகத்தான் 2009இல் வெளிவந்த இமேஜ்நெட் என்னும் படத் தொகுப்பு உருவானது. கோடிக்கும் மேற்பட்ட படங்களில் இது பூனை, இது நாற்காலி என்று 167 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 50,000 பேர் உட்கார்ந்து குறித்தார்கள். 2012இல் அந்தத் தொகுப்பில் பயின்ற ஒரு நிரல் போட்டியில் மற்றவற்றை வெகுதூரம் பின்தள்ளியது. இன்று நாம் பார்க்கும் வேகமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. பரிசு வாங்கிய பேராசிரியர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். பூனையைப் பூனை என்று குறித்தவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

"அப்ப நீங்க பெட்டிக்குள்ள இருக்கிற ஆளு" என்றார் மாமு. ஆமாம்.

பெட்டிக்குள் இருந்தால் சில விஷயங்கள் தெரியவரும். அதில் முதலாவது, எந்திரம் எழுதிய சில வரிகள். நாங்கள் சேர்ந்த முதல் மாதத்தில் ஏற்கனவே ஓரளவு பயின்றிருந்த நிரலுக்கு நம் ஆட்களின் பதிவுகளைக் கொடுத்துப் பார்த்தோம்.

ஓர் உம்மா சொல்கிறார்: "காக்கா பசியாறிட்டாரா?" நிரல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது: காகம் காலை உணவு சாப்பிட்டுவிட்டதா என்று. இன்னொருவர்: "அத்தா அஞ்சு வேளையும் பள்ளிக்குப் போவாங்க." அதற்கு வந்த மொழிபெயர்ப்பில் எழுபது வயது அத்தா ஒரு நாளைக்கு ஐந்து முறை பள்ளிக்கூடம் போனார். "பாங்கு சொல்லியாச்சா?" என்பதை பேங்க் என்று எழுதி, வங்கியிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டது. ஆய்வுக்கூடம் முழுக்கச் சிரித்தோம். நாங்களும்தான் சிரித்தோம். அன்று மாலை ரயிலில் வரும்போதுதான் எங்களில் ஒருத்தி கேட்டாள்: மருத்துவமனையில் நம் உம்மா, "காக்கா மவுத்தாகிட்டாங்க" என்று சொன்னால் அந்த டாக்டர் திரையில் எதைப் படிப்பார்?

காரணத்தைத் தேடினோம். நிரல் பயின்ற தமிழ் பெரும்பாலும் செய்தி, மேடைப்பேச்சு, தொலைக்காட்சி. உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஸ்பர் என்னும் நிரல் 2022 செப்டம்பரில் வெளிவந்தபோது, அது 680,000 மணி நேரப் பேச்சில் பயின்றது என்றார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மீதியை மற்ற மொழிகளெல்லாம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தமிழுக்கு வரும் பங்கில் மலேசியத் தமிழ் எவ்வளவு, அதற்குள் பினாங்குத் தமிழ் முஸ்லிம் வீட்டில் பேசும் பேச்சு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே நம் குரல் அங்கே போய்ச் சேரவில்லை என்று முதலில் நினைத்தோம்.

பிறகுதான் வேறொன்றைக் கண்டோம். போய்ச் சேர்ந்த குரலும் வெளியே வீசப்பட்டுக்கொண்டிருந்தது. வீசியவர்கள் நாங்களே.

எங்களுக்கு ஒரு விதிமுறைக் கையேடு கொடுத்திருந்தார்கள். அகராதிப் பட்டியலில் இல்லாத சொல் வந்தால் 'பிறமொழி' என்று குறி போட வேண்டும். ஒரு வரியில் அந்தக் குறி அளவுக்கு மேல் சேர்ந்தால் அந்த வரியைப் பயிற்சியில் சேர்க்காமல் நிரல் தானே ஒதுக்கிவிடும். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிந்தது. அந்தப் பட்டியலில் பஸ், டிக்கெட், போன், ஃபேன் எல்லாம் இருந்தன. துஆ இல்லை. வுழு இல்லை, நிய்யத் இல்லை, ஜனாஸா இல்லை, கந்தூரி இல்லை, மவுத்து இல்லை. ஒரு பெரியவர் இப்படிச் சொல்லியிருந்தார்: "சூராவ்ல ஜமாஅத் முடிஞ்சதும் பசார்ல தாப்பாவ் பண்ணிட்டு வந்துடுறேன், இன்ஷா அல்லாஹ்." சூராவும் பசாரும் மலாயில் புழங்குவது, ஜமாஅத் அரபு, தாப்பாவ் சீனம். இந்த மண்டபத்தில் இதைக் கேட்டு யாராவது, இது தமிழ் இல்லை என்று சொல்வார்களா? நாங்கள் சொன்னோம். ஒவ்வொரு சொல்லிலும் குறி போட்டோம். அந்த வரி ஒதுங்கிப் போனது. நாங்கள் எடுத்து வந்த உம்மாமார்களின் பதிவுகளில் பெரும்பகுதி இப்படிப் போயிருந்ததை நான்கு மாதம் கழித்துத்தான் பார்த்தோம்.

இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தோம். கை நடுங்கித்தான் கொடுத்தோம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. அவர் முஸ்லிமும் இல்லை, தமிழரும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, பட்டியலை நீங்களே திருத்துங்கள் என்றார். அவ்வளவுதான் நடந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினோம். அந்தப் பட்டியலில் துஆவைச் சேர்க்க வேண்டாம் என்று யாரும் சதி செய்யவில்லை. பட்டியலைத் தயாரித்தவர் வீட்டில் அந்தச் சொல் புழங்கவில்லை, அவ்வளவே.

சேர்க்க ஆரம்பித்ததும் வேறொரு தலைவலி. எப்படி எழுதுவது? நோன்பு மாதத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரமலான், ரமழான், ரமதான், ரம்ஜான் என்று நம்மவர்களே நான்கு விதமாக எழுதுகிறோம். நிரல் எவ்வளவு தவறு செய்கிறது என்று அளக்க, அது எழுதியதைச் சரியான வரியோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவார்கள். மாறிய சொல், விட்ட சொல், கூட்டிய சொல் எல்லாம் சேர்த்துக் கணக்கு. நாங்கள் ரமழான் என்று எழுதி, நிரல் ரமலான் என்று எழுதினால் அது ஒரு பிழை. பாவம், அது சரியாகத்தான் கேட்டது. (இந்த மலரின் ஆசிரியர் குழுவே நான்கில் எதைப் போடுவது என்று ஒரு மாலை முழுக்கப் பேசியதாகக் கேள்வி.)

அப்போது எங்களுக்கு உம்மம்மாவின் பழைய நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அரபுத்தமிழில் எழுதியது. படிப்பது அரபு எழுத்து, காதில் விழுவது தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர்கள் அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். அந்த எழுத்தில் மார்க்க நூல்கள் அச்சேறின, பெண்கள் வீட்டிலிருந்தே ஓதிப் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். ஒரு மொழியின் ஒலியை இன்னொன்றின் எழுத்தில் தவறாமல் எப்படி அடைப்பது என்ற எங்கள் கேள்வியை அவர்கள் எப்போதோ கையில் எடுத்து முடித்திருந்தார்கள். நாங்கள் கணினிப் படிப்பில் பட்டம் வாங்கியவர்கள். அந்த நோட்டில் ஒரு பக்கத்தைக்கூடத் தட்டுத் தடுமாறாமல் படிக்க முடியவில்லை.

இனிச் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமை தராத பகுதி.

முதலில் சின்னத் தவறு. நிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு பங்கு பதிவு, தேர்வு வைக்க ஒரு பங்கு பதிவு என்று பிரிப்போம். தேர்வுத்தாளை மாணவன் முன்கூட்டியே பார்க்கக் கூடாது. நாங்கள் பிரித்ததில் ஒரே ஆளின் குரல் இரண்டு பக்கமும் போய்விட்டது. வரிகள் வேறு, ஆனால் குரல் ஒன்று. நிரலுக்கு அந்த ஆளின் பேச்சு ஏற்கனவே பழக்கம். முடிவு அழகாக வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். கட்டுரை அனுப்ப ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் பிழை எங்களுக்கே தெரிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஓர் இரவு தூங்கவில்லை. காலையில் சொன்னோம். திரும்பச் செய்தபோது முடிவு மோசமாக வந்தது, கட்டுரை அந்த ஆண்டு போகவில்லை. திட்டு வாங்கினோம், ஆனால் வேலை போகவில்லை.

பெரிய தவறு இந்த மண்டபத்தில் நடந்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சங்கத்தின் குடும்ப தினத்தன்று மாடி அறையில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து, தாய்மார்களைப் பேசச் சொன்னோம். கல்யாணக் கதை, கப்பலில் வந்த கதை, நோன்புக் கஞ்சி காய்ச்சும் கதை. பேசுவதற்கு முன் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து. படிவம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது. மூன்று பக்கம். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ஒண்ணுமில்ல பெரியும்மா, பேசுறதுக்குச் சம்மதம்னு ஒரு கையெழுத்து." நம் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று எல்லோரும் போட்டார்கள். வேறு யாரோ வந்து கேட்டிருந்தால் மகனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்லியிருப்பார்கள்.

ஒரே ஒரு பெரியும்மா மட்டும் கேட்டார்: "என் கொரல எங்க வைப்பீங்க?" கம்ப்யூட்டரில் என்றோம். "நான் மவுத்தானதுக்கு அப்புறமும் அங்கதான் கெடக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டுக் கருவியை அமுக்கினோம். நாற்பது நிமிடம் பேசினார். தம் கணவர் நாசி கண்டார் தலைச்சுமையைத் தோளில் கட்டையோடு சுமந்து விற்ற நாள்களை அவ்வளவு நன்றாகச் சொன்னார்.

ஒன்றரை ஆண்டு கழித்து அவர் மவுத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு மக்ஃபிரத் செய்வானாக. நாற்பது நாள் போன பிறகு அவர் மகள் எங்களை அழைத்தார். இரண்டு விஷயம் கேட்டார். உம்மாவின் குரலில் ஒரு பிரதி வேண்டும். அதன்பின் ஆய்வுக்கூடத்தில் அது இருக்க வேண்டாம். அது உம்மா வீட்டுப் பெண்களிடம் பேசியது என்றார்.

பிரதி கொடுத்தோம். மேற்பார்வையாளரிடம் சொல்லிக் கோப்பை அழித்தோம். "அழிச்சிட்டோம் மாமி, இப்ப ஒண்ணும் இல்ல" என்று சொன்னோம். அதில் முதல் பாதி மட்டும் உண்மை.

கோப்பு போய்விட்டது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டுப் பயின்ற நிரல் அப்படியே இருந்தது. பயிற்சி என்பது நிரலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொரு குரலையும் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. எந்த எண் யாரால் எவ்வளவு நகர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டீயில் கரைத்த சீனியில் உங்கள் கரண்டி எது, என் கரண்டி எது என்று கேட்பது போல. சுத்தமாக எடுக்க வேண்டும் என்றால் அந்தப் பதிவை விட்டுவிட்டு முதலிலிருந்து பயிற்சி கொடுக்க வேண்டும். எங்கள் கூடத்தில் அதற்கு வாரக்கணக்கில் கணினி வாடகை ஆகும். அதற்குப் பணம் இல்லை என்றார்கள். பயிற்சி பெற்றதிலிருந்து ஒருவர் பங்கை மட்டும் மறக்கச் செய்வது எப்படி என்று உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது. எங்கள் கையில் அப்படி ஒரு வழி இல்லை. இதெல்லாம் அன்று மாமியிடம் பேசும்போதே எங்களுக்குத் தெரியும். அழுதுகொண்டிருந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டோம்.

ஆறு வாரம் கழித்து அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னோம். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது உம்மா கொரல்ல பேசுமா?" என்றார். பேசாது என்றோம். எங்களுடையது கேட்டு எழுதும் நிரல். அது யார் குரலிலும் பேசாது. ஆனால் பேசும் நிரல்கள் வேறே இருக்கின்றன. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், ஒருவரின் மூன்று விநாடிப் பதிவு இருந்தாலே அவர் குரலைப் போலப் பேச வைக்கும் ஒரு நிரலைப் பற்றி எழுதினார்கள். மூன்று விநாடி. அந்தப் பெரியும்மா எங்களுக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம். யாருக்குப் போய்ச் சேரும் என்று யோசிக்காமல் அதை நாங்கள் வாங்கினோம். மாமி எங்களுக்கு டீ கொடுத்தார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. இன்று அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்லாமல் இதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தவரும் அவர்தான்.

இதை ஏன் பொன்விழா மேடையில் சொல்கிறோம்? நம் சங்கத்துக்கு இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. மாடி அறையின் இரும்பு அலமாரியில் உள்ள ஒலிநாடாக்களை ஆய்வுக்காகத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். மீலாது விழாச் சொற்பொழிவுகள், பொதுக்கூட்டங்கள், நிக்காஹ்கள், பெண்கள் பகுதியில் பதிந்த பாட்டுகளும் கதைகளும், ஐம்பது ஆண்டில் சேர்ந்தது எல்லாம் அங்கே கிடக்கின்றன. செயலவை எங்கள் கருத்தைக் கேட்டது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் இருவருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

ஒருத்தி கொடுக்க வேண்டும் என்கிறாள். எங்கள் வீட்டிலேயே காக்கா பிள்ளைகள் ஒருவரோடொருவர் மலாயில்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த நாடாக்களில் உள்ள தமிழைப் பேசியவர்களில் பலர் கபருக்குப் போய்விட்டார்கள். நாம் கொடுக்காவிட்டால் எந்திரம் தொலைக்காட்சித் தமிழை மட்டும்தான் தமிழ் என்று எடுத்துக்கொள்ளும். காக்கா அதற்குக் காகமாகவேதான் இருப்பார். நாளைக்கு நம் பேரன் பேத்திகள் தமிழில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கப்போவது நம்மிடம் இல்லை, அந்த எந்திரத்திடம்தான் என்பது அவள் வாதம்.

மற்றவள் வேண்டாம் என்கிறாள். மேடையில் பேசியவர் ஊருக்குப் பேசினார், அது போகலாம். பெண்கள் பகுதியில் பாடிய ஒரு ராத்தா அந்த அறைக்குள் இருந்தவர்களுக்காகப் பாடினார். அவரிடம் யார் போய்க் கேட்பது? நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அது வணிகப் பரிவர்த்தனைகளுக்காக எழுதப்பட்டது. மவுத்தானவரின் குரலுக்கு யார் பொறுப்பு என்று சட்டத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது என்கிறாள்.

இந்த வாக்குவாதம் எங்களுக்குள் இரண்டு ஆண்டாக நடக்கிறது. சில நாள் இருவரும் கட்சி மாறிக்கொள்வதும் உண்டு.

இருவரும் ஒத்துப்போகும் சில விஷயங்கள் இருக்கின்றன. மூல நாடா எதுவும் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. முதலில் நமக்காக நாம் பிரதி எடுக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் பல நாடாக்களில் ஏற்கனவே பூஞ்சை பிடித்துவிட்டது. ஒவ்வொரு நாடாவிலும் பேசுவது யார், எந்த ஆண்டு, யார் பதிந்தது, யார் கையிலிருந்து அலமாரிக்கு வந்தது என்று எழுத வேண்டும். ஹதீஸ் படித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இஸ்னாத் இல்லாமல் யார் சொன்னது என்று தெரியாத செய்தியை நாம் ஏற்பதில்லை. குரலை மட்டும் ஏன் அப்படிக் கொடுக்க வேண்டும்? பேசியவர் இருந்தால் அவரிடமும், இல்லாவிட்டால் வாரிசுகளிடமும், தமிழில் எழுதிய தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். எதற்குப் பயன்படுத்தலாம், குரல் உருவாக்கப் பயன்படுத்தக் கூடாது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பயிற்சியில் கரைந்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் அதில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாளை நாங்கள் எழுதிவிட்டோம். ஒன்றரைப் பக்கம். முதலில் படித்துப் பார்க்கக் கொடுத்தது அந்த மாமியிடம். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். 'தரவு' என்றால் யாருக்குப் புரியும், குரல் என்றே எழுதுங்கள் என்றார். மாற்றிவிட்டோம்.

செயலவை அனுமதி கொடுத்திருப்பதால் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு மாடி அறையில் வேலையைத் தொடங்குகிறோம். இப்போதைக்குப் பிரதி எடுப்பதும் பெயர் எழுதுவதும்தான். கடிதத்துக்குப் பதில் அதற்கு அப்புறம். யார் வீட்டிலாவது நன்றாக ஓடும் பழைய கேசட் பிளேயர் இருந்தால் கொண்டு வாருங்கள். சங்கத்தில் உள்ளது நாடாவைத் தின்றுவிடுகிறது. பெரியவர்கள் வந்து உட்கார்ந்து குரல்களை அடையாளம் சொன்னால் பேருதவி. டீயும் பலகாரமும் எங்கள் பொறுப்பு.

போன வாரம் மாதிரிக்கு ஒரு நாடாவைப் போட்டுப் பார்த்தோம். ஒட்டிய சீட்டு கிழிந்து, 'பெருநாள்' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உள்ளே ஒரு பெண்மணி குழந்தை ஒன்றைத் தூங்க வைத்துக்கொண்டே பேசுகிறார். பின்னால் மழை. நடுவில் ஒரு முறை, "மீரான், ஜன்னலைச் சாத்துடா வாப்பா" என்கிறார். அந்த மீரான் காக்கா இன்று இந்த மண்டபத்தில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து எங்களை வந்து பார்க்கவும்.

வஸ்ஸலாம்.